அடம்பிடிக்கும் நாய்க்கு வீட்டுச் சமையல்: எடை பார்ப்பதிலிருந்து தட்டை எடுப்பது வரை

சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கும் நாய்களில் முக்கால்வாசி அப்படிப் பிறந்தவை இல்லை, நாம் பழக்கியவை. காலையில் வைத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முட்டையை அவித்துப் பிசைந்து போடுவோம். அதையும் தொடவில்லையா, குழம்பிலிருந்து இரண்டு துண்டு கறியை எடுத்து அலசிப் போடுவோம். நாய் இதிலிருந்து ஒரு கணக்கைப் போட்டுக்கொள்கிறது: வேண்டாம் என்று சொன்னால் இதைவிட நல்லது வரும். ஒரே வாரத்தில் பாடம் மனப்பாடம் ஆகிவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி அடுப்பைப் பற்றியது, மீதி தட்டை எப்படி வைப்பது, எப்போது எடுப்பது என்பதைப் பற்றியது. முதல் பாதியை மட்டும் செய்தால் இன்னும் ருசியான சாப்பாட்டுக்கு இன்னும் அதிகமாக அடம்பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு வயது தாண்டிய, நோயில்லாத நாய்க்கு எழுதியது இது. குட்டி, சினையாக இருக்கும் நாய், பாலூட்டும் நாய், சிறுநீரகம், கணையம், சர்க்கரை என்று ஏதாவது பிரச்சினை உள்ள நாய் ஆகியவற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் உணவுத் திட்டம்தான் சரி. குட்டிகள் விஷயத்தில் இது கண்டிப்பு. வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் ஆபத்து, பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடினாலும் ஆபத்து. லாப்ரடார் வளர்ப்பவர்கள் இதைப் படிக்கத் தேவையே இருக்காது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் வைத்திருக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அவர்கள் கவலை வேறு.

முதலில்: இது அடமா, நோயா?

சமைக்க ஆரம்பிக்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று தட்டை ஒதுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தேடுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறிப் போயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உண்ணியே கண்ணில் படாவிட்டாலும் காய்ச்சல் இருக்கலாம், கடித்துவிட்டு உதிர்ந்து போயிருக்கும்.

அடுத்தது பல். பசியோடு தட்டுக்கு வரும், ஒரு வாய் எடுக்கும், கீழே போட்டுவிடும், ஒரு பக்கமாகவே மெல்லும். இது அடம் இல்லை, வலி.

இயல்பான காரணங்களும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் எல்லா நாயும் குறைவாகத்தான் சாப்பிடும். காலை 7 மணிக்கு முன்பும் இரவு 8 மணிக்குப் பிறகும் வைத்துப் பாருங்கள். கருத்தடை செய்யாத ஆண் நாய், தெருவில் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் சில நாள் சாப்பாட்டையே மறந்து கேட்டருகில் நிற்கும். அதற்கு எந்தச் சமையலும் மருந்தில்லை.

கறித் துண்டைப் பாய்ந்து வாங்கிக்கொண்டு, ஓடியாடி, சோற்றை மட்டும் ஒதுக்கினால் அது அடமாக இருக்க வாய்ப்பு அதிகம். கறியையும் மோந்துவிட்டு விலகினால், சோர்ந்து படுத்தால், வாந்தி, பேதி இருந்தால், அல்லது ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாமல் இருந்தால் சமையலை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எடையும் கலோரியும்

குளியலறை எடை மேடையில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறுங்கள். கழித்தால் நாயின் எடை. தூக்க முடியாத நாய் என்றால் மருத்துவமனையில் தரையோடு இருக்கும் மேடையில் நிற்க வைத்துப் பார்க்கலாம்.

கலோரிக் கணக்குக்குக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். கைபேசிக் கால்குலேட்டரிலேயே போடலாம். எடையைக் கிலோவில் எடுத்து, எடை × எடை × எடை என்று பெருக்குங்கள். வந்ததற்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். அதை 70-ஆல் பெருக்கினால், நாய் சும்மா படுத்துக் கிடப்பதற்கே வேண்டிய கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு அதை 1.6-ஆல், செய்யாததற்கு 1.8-ஆல் பெருக்க வேண்டும்.

10 கிலோ நாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 1000, அதன் வர்க்கமூலம் 31.6, அதற்கும் வர்க்கமூலம் 5.6. 70-ஆல் பெருக்கினால் 394, அதை 1.6-ஆல் பெருக்கினால் 630. இதே முறையில் கருத்தடை செய்த 5 கிலோ நாய்க்குச் சுமார் 375, 20 கிலோவுக்கு 1060, 30 கிலோவுக்கு 1435 கலோரி. எடை இரட்டிப்பானால் கலோரி இரட்டிப்பாவதில்லை என்பதைக் கவனியுங்கள். இது ஆரம்ப எண்தான். சோம்பேறி நாய்க்குக் குறையும், மாடியும் தெருவுமாக ஓடுவதற்குக் கூடும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கு முழுக்க, நாயின் வாய்க்குள் போவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், வீட்டில் எல்லோரும் கொடுப்பதையும் சேர்த்து. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. காலை டீயோடு அப்பா மூன்று, மதியம் பாட்டி மூன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையன் மூன்று. ஒன்பது பிஸ்கட், 225 கலோரி. 10 கிலோ நாய்க்கு அது நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்த நாய் அடம்பிடிக்கவில்லை, வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கிறது. நொறுக்குத் தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் இந்த நாய்க்கு இரண்டு பிஸ்கட், அதோடு சரி.

விலாவை விரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், வரிவரியாகக் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கு மட்டும் கடைசி விலா எலும்புகள் கொஞ்சம் தெரிவது இயல்பு. அதைப் பார்த்து, “நாயைப் பட்டினி போடுறீங்களா?” என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர்களை எதுவும் செய்ய முடியாது. எடை சரியாக இருந்து, நாய் சுறுசுறுப்பாகவும் இருந்தால், அது குறைவாகச் சாப்பிடுகிறது என்பதே உங்கள் பிரமையாக இருக்கலாம்.

தயிர்சாதம் ஏன் போதாது

“எங்க தாத்தா காலத்துல தயிர்சாதம்தான், பதினஞ்சு வருஷம் இருந்தது” என்று சொல்லாத வீடு இல்லை. அந்தக் காலத்து நாய் தோட்டத்தில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்றது, ஊர் சுற்றி எதையெதையோ மேய்ந்தது. அடுக்குமாடியில் இருக்கும் நாய்க்கு நீங்கள் வைப்பது மட்டும்தான் சாப்பாடு.

கணக்கிலேயே தெரிந்துவிடும். 350 கிராம் சோறும் 200 கிராம் தயிரும் சேர்ந்தால் 575 கலோரி வரும், புரதம் 16 கிராம்தான். 10 கிலோ நாய்க்கு நாளுக்குக் குறைந்தபட்சம் 28 கிராம் வேண்டும். சோறு விஷம் என்று சொல்ல வரவில்லை. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நன்றாகவே வளர்ந்திருக்கிறது. சோறு இருக்கட்டும், ஆனால் கறிக்குத் துணையாக இருக்கட்டும்.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முட்டை, பனீர், தயிர், பருப்பு ஆகியவற்றை வைத்து நாயை ஆரோக்கியமாக வளர்க்க முடியும். ஆனால் அதற்கான அளவுகளை நாய் உணவு தெரிந்த ஒரு டாக்டர்தான் போட்டுத் தர வேண்டும். பருப்புசாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து வைப்பது அந்தத் திட்டம் ஆகாது.

சமையலறையில் நாய்க்கு ஆகாதவை

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஒரே நாளில் நிறையப் போனாலும் கெடுதல், தினம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல். சாம்பார், ரசம், குழம்பு என்று நம் சமையலில் எதில்தான் இவை இல்லை? குழம்புக் கறியைத் தண்ணீரில் அலசிப் போடுவதும் சரிப்படாது, சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். நாய்க்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்பதற்கு இது ஒன்றே காரணமாகப் போதும். கடையில் விற்கும் சூப் கட்டிகளிலும் வெங்காயப் பொடியும் உப்பும் இருக்கும்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், கேசரி மிச்சத்தை நாய்க்கு வழிக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சாக்லேட், காபி, டீ கூடாது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் இருக்கலாம். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், கொஞ்சமே போதும். வேகவைத்த எலும்பு கூர்கூராகச் சிதறிக் குடலைக் குத்தும். கோழி எலும்பு நாய்க்கென்றே படைக்கப்பட்டது என்று நினைக்கும் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

முட்டை ஓட்டுப் பொடி

வீட்டுச் சமையலில் பெரும்பாலும் விட்டுப்போவது கால்சியம். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் போனால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். தாடை எலும்பு மெலிந்து பல் ஆடும் அளவுக்குப் போகும். பால் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்றால், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பேதியாகும்.

தீர்வு உங்கள் குப்பைக் கூடையில் இருக்கிறது. முட்டை ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரிக்க வேண்டியதில்லை. மிக்ஸியின் சின்ன ஜாரில், ஈரம் துளியும் இல்லாமல், விட்டு விட்டு அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். பல்பொடி பதம் வர வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது, நாக்கில் நறநறப்பு பட்டால் அடம்பிடிக்கும் நாய் தட்டைத் திரும்பிப் பார்க்காது. மூடி இறுக்கமான பாட்டிலில் வையுங்கள்.

இந்தப் பொடி 2 கிராமில் சுமார் 760 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கீழே உள்ள சமையலுக்கு, 10 கிலோ நாய்க்கு, ஒரு நாளைக்கு அது போதும். தேக்கரண்டியில் அரைக்குக் கொஞ்சம் குறைவு. நல்லதுதானே என்று அள்ளிப் போட்டால் மலம் வெளிறி, கல்லாக இறுகும்.

கடையில் வாங்க வேண்டியது

கோழிக்கறியில் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடை மேல். கொஞ்சம் கொழுப்பு இருப்பதால் மணம் அதிகம், அடம்பிடிக்கும் நாய்க்கு மணம்தான் முக்கியம். தோலை உரித்து, எலும்பை எடுத்து, கைமாவாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள். துண்டாக வாங்கினால் நாய் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை அழகாக விட்டுவைக்கும். ஈரல் 50, 60 கிராம் தனியாக வாங்குங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் மொத்த உணவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். விலை குறைவு, நாயும் விரும்புகிறது என்று தினம் ஈரலும் சோறுமாகப் போடுவது தவறு.

மத்தி மீன் கிடைத்தால் விடாதீர்கள். வாரம் இரண்டு நாள், கறியில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் மத்தி. ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் அதில் உண்டு. நாயை வெயிலில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது நமக்குப் பொருந்தும், நாய்க்குப் பொருந்தாது. அதன் தோல் போதிய அளவு உருவாக்குவதில்லை, சாப்பாட்டில்தான் வர வேண்டும். மீனை நன்றாக வேகவைத்து நடுமுள்ளை உருவிவிட்டு, சதையை விரலால் பிசைந்து சின்ன முள் இருக்கிறதா என்று பாருங்கள். கருவாட்டு வாசனைக்கு எந்த நாயும் மயங்கும், ஆனால் அதில் இருக்கும் உப்பை நினைத்தால் வேண்டாம்.

காய்க்கு மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், சுரைக்காய் எதுவானாலும் சரி. அரிசி சாதாரணப் புழுங்கலரிசி போதும். எண்ணெய்க்குச் சூரியகாந்தி எண்ணெய். நாயின் தோலுக்கும் முடிக்கும் தேவையான லினோலிக் அமிலம் அதில் நிறைய இருக்கிறது, தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு.

சமையல்: 10 கிலோ நாய்க்கு மூன்று நாள்

கோழித் தொடைக் கைமா 600 கிராம்
கோழி ஈரல் 60 கிராம்
முட்டை 3
அரிசி 150 கிராம்
காய் 180 கிராம்
சூரியகாந்தி எண்ணெய் 3 தேக்கரண்டி
முட்டை ஓட்டுப் பொடி 6 கிராம்
டாக்டர் சொன்ன சத்துப் பொடி, மூன்று நாள் அளவு

எல்லாம் சமைக்காத நிலையில் எடுத்த அளவு. ஒரு நாள் பங்கில் ஏறக்குறைய 575 கலோரியும் 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதமும் இருக்கும். மீதி 55 கலோரி நொறுக்குத் தீனிக்கு. உங்கள் நாய் 5 கிலோ என்றால் எல்லாவற்றையும் 0.6-ஆல் பெருக்குங்கள், 20 கிலோ என்றால் 1.7, 30 கிலோ என்றால் 2.3.

அரிசியைக் கழுவி நாலு பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். குழைய வேண்டும், பருக்கை பருக்கையாக நின்றால் ஒதுக்கும். அது வேகும் நேரத்தில் கைமாவை வேறொரு பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குச் சற்றே தண்ணீர் ஊற்றி, கட்டி இல்லாமல் உடைத்துவிட்டு மிதமான தீயில் வையுங்கள். பத்து நிமிடத்தில் பச்சை நிறம் எங்கும் இல்லாமல் வெந்துவிடும். காயைத் துருவிச் சேருங்கள். துண்டு போட்டால் கேரட்டை மட்டும் நக்கிச் சுத்தம் செய்து தட்டுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டுப் போகும் நாய்கள் உண்டு, எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் அந்த ரகம். இன்னும் ஐந்து நிமிடம் வெந்ததும் முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளைக்கரு பச்சையாக நிற்காமல் முழுக்க வேக வேண்டும். ஊறிய சாறு ஒரு சொட்டும் வடிக்கக் கூடாது, மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஈரலை மட்டும் இதில் போடாதீர்கள். எண்ணெய் விடாமல் இரும்புத் தோசைக்கல்லில், மெல்லிய துண்டுகளாகப் பரப்பி, இரு பக்கமும் சுருண்டு ஓரம் சிவக்கும் வரை வாட்டுங்கள். வாடை வீடு முழுக்க ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாய் எந்த அறையில் இருந்தாலும் இந்த நேரத்தில் சமையலறை வாசலுக்கு வந்து நிற்கும். ஆறியதும் விரலால் உதிர்த்துத் தூளாக்கி, தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இது கலக்க அல்ல, மேலே தூவ.

சோற்றையும் கறியையும் சேர்த்து, ஒவ்வொரு பருக்கையிலும் சாறு ஒட்டும் வரை கையாலேயே பிசையுங்கள். கரண்டியால் வராது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு எண்ணெய், ஓட்டுப் பொடி, சத்துப் பொடி மூன்றையும் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் வைட்டமின்கள் வீணாகும். பிறகு மொத்தத்தையும் எடை போட்டு 6-ஆல் வகுத்தால் ஒரு வேளைப் பங்கு.

அந்தச் சத்துப் பொடியைப் பலர் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், செய்யக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து அலசினார்கள். அவற்றில் 95 சதவீதம் ஏதாவது ஓர் அவசியச் சத்தில் குறைபட்டிருந்தன. மேலே உள்ள குறிப்பிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ போன்றவை போதாது. அயோடினுக்கு உப்பைக் கூட்டலாமே என்று தோன்றும். 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 150 மைக்ரோகிராம் வேண்டும், நம் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இருந்தால், 10 கிராம் உப்பு போட வேண்டி வரும். நடக்காது. இந்தக் குறிப்பை அப்படியே டாக்டரிடம் காட்டி, இதற்குப் பொருத்தமான, வீட்டுச் சமையலுக்கென்றே வரும் சத்துப் பொடியைக் கேளுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். மனிதர்கள் சாப்பிடும் மல்டிவைட்டமின் மாத்திரையை உடைத்துப் போடுவது இதற்கு மாற்று இல்லை.

மூக்குக்குச் சமைப்பது

நாய்க்கு நாக்கில் ருசி மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு. அது தட்டை மூக்கால்தான் தீர்மானிக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணமே எழாது. ஒரு பங்கில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் பதத்தில் வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கிளறுங்கள், நடுவில் கொதிக்கும் இடம் இருக்கும். ஒரு தடவை வாய் சுட்டுக்கொண்டால் அந்தச் சாப்பாட்டின் மேலேயே நாய்க்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியாக ஈரல் தூள் ஒரு சிட்டிகை. அன்றைய பங்கைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் நாய்க்கு எந்த மணம் பிடிக்கும் என்று தெரியாவிட்டால், கைமா வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். கோழி, ஆடு, மீன், முட்டை நான்கையும் உப்பில்லாமல் வேகவைத்து நான்கு சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொரு விரல்நுனி அளவு வைத்து, எதற்கு முதலில் மூக்கு போகிறது என்று பாருங்கள். இடத்தை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வைத்தால் விடை தெளிவாகிவிடும்.

பழைய சாப்பாட்டிலிருந்து மாற்றுவது

ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும், அதைப் பார்த்துப் புதுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் வாக்கில் முழுக்க. மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள்.

தட்டு

எல்லாம் தயார். இனிமேல்தான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் பழக்க வேண்டியது வீட்டு மனிதர்களை.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நேரம் மாறாமல். தட்டை வையுங்கள், “சாப்பிடு கண்ணு, ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் நாய் சாப்பிடுவதை நிறுத்தி உங்களைப் பார்க்கும். 20 நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள், காலியானாலும் சரி, தொடாமலே கிடந்தாலும் சரி. திட்டவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். பிஸ்கட் இல்லை, கைப்பிடி மிக்சர் இல்லை, ஊட்டிவிடுவது இல்லை. அடுத்த வேளைக்கும் அதே சாப்பாடு, மேலே கூடுதலாக எதுவும் வைக்காமல்.

இங்கேதான் வீட்டில் குரல் எழும். “வாயில்லா ஜீவன், பட்டினி கிடக்குதே, பாவம் இல்லையா?” என்பார் பாட்டி. சொல்லிவிட்டு முந்தானையில் மறைத்து ஒரு இட்லி கொண்டுபோவார். அவரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது: அன்றைய நொறுக்குத் தீனிக் கணக்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்து, “நீங்கதான் கொடுக்கணும் பாட்டி, ஆனா அது தட்டைக் காலி பண்ணின பிறகுதான்” என்று சொல்லிவிடுங்கள். கொடுக்கும் உரிமை அவரிடமே இருக்கும், அளவு உங்களிடம் இருக்கும்.

ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒன்றிரண்டு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தக் கண்டிப்பை எல்லா நாய்க்கும் செய்யக் கூடாது. மூன்று கிலோவுக்குக் கீழான பொடி இனங்கள், குட்டிகள் ஆகியவற்றுக்குப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலின் போடும் நாய், வயதான நாய் ஆகியவற்றையும் டாக்டரைக் கேட்காமல் இப்படி விடாதீர்கள். மற்ற நாய்க்கும் ஒரு முழு நாள்தான் வரம்பு.

சாப்பாட்டில் குறையே இல்லாமலும் தட்டை ஒதுக்குவது உண்டு. குனிந்து பாருங்கள். எறும்பு ஏறியிருக்கும், மூக்கில் ஒரு தடவை கடித்திருந்தால் நாய் அந்த மூலைக்கே வராது. அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை வைத்தால் எறும்பு தாண்டாது. எவர்சில்வர் தட்டு டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போவது, கழுத்து வில்லை தட்டில் பட்டு டிங் டிங் என்று அடிப்பது, பக்கத்தில் மிக்ஸி ஓடுவது, நடமாட்டம் உள்ள வாசலில் முதுகைக் காட்டி நின்று சாப்பிட வேண்டியிருப்பது, இவையெல்லாம் பயந்த சுபாவமுள்ள நாய்க்குப் பெரிய விஷயம். அடியில் ஒரு ஈரத்துணியை விரித்து, சுவர் ஓரமாக, அமைதியான மூலைக்குத் தட்டை மாற்றிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை தட்டில் நின்றாலும் சில நாய்கள் விலகும், நன்றாக அலசிக் காயவிடுங்கள்.

எடுத்து வைப்பது, பிறகு கவனிப்பது

சமைத்த சோற்றை நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். நாய் மீதம் வைத்ததைத் திரும்ப டப்பாவில் போடாமல் கொட்டிவிடுங்கள். ஒரு வேளைப் பங்காகச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, இரண்டு நாளைக்கு மட்டும் சமையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள். ஏறினால் எல்லா அளவிலும் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள். சோற்றை மட்டும் கூட்டியோ கறியை மட்டும் குறைத்தோ சரிசெய்யாதீர்கள், கால்சியக் கணக்கு கலைந்துவிடும். கோழிக்குப் பதில் ஆட்டுக்கறிக்கு மாறினால் கொழுப்பு கூடும், எண்ணெயைத் தவிர்த்துவிட்டுக் கலோரிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. என்ன கொடுக்கிறீர்கள் என்பதை அளவோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள், “வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயைக் காப்பகத்திலோ நண்பர் வீட்டிலோ விட வேண்டி வரும். அங்கே யாரும் கைமா கொத்தி, ஈரல் வாட்டித் தர மாட்டார்கள். முழுச் சத்துள்ள கடைத் தீவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் ஒரு வேளைக்கு அதையே, வெந்நீரில் ஊறவைத்து, அதே தட்டில், அதே 20 நிமிடக் கணக்கில் வைத்துப் பழக்குங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து அதன் பங்கைக் கூட்டிக்கொண்டே வந்தால், விட்டுச் செல்லும் இடத்தில் வயிறும் கெடாது, பட்டினியும் கிடக்காது.